செத்த லிங்க் பரவாயில்லை, அரை உயிர் லிங்க்தான் வில்லங்கம்

ஐரியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கியூ.706 பரிந்துரையில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு தொலைபேசி நிலையங்களுக்கு இடையிலான சிக்னலிங் பாதைத் தொகுதி, அதாவது அழைப்பை ஏற்படுத்தும் செய்திகள் ஓடும் பாதைகள் எல்லாம் சேர்ந்து, வருடத்துக்கு மொத்தம் 10 நிமிடத்துக்கு மேல் இல்லாமற் போகக்கூடாது. ஓமந்தையில் கேபிள் அறுந்துவிட்டது என்று செய்தி வந்து, வாகனத் திறப்பைத் தேடி எடுப்பதற்குள் அந்த வருடத்துக் கணக்கே முடிந்துவிடும். ஓடிப்போய்த் திருத்துகிற வேகத்தால் இந்த இலக்கை எட்ட முடியாது. உடைந்தது உடைந்தபடி கிடக்க, மிச்சத்தை வைத்துக்கொண்டு ஓடத் தெரிந்த அமைப்பு வேண்டும். சிக்னலிங் கேற்வேயை அப்படி எப்படிக் கட்டுவது என்பதுதான் இங்கே பேச்சு.

கேற்வே என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். முறிகண்டியில் ஒருவர் இலக்கத்தை அழுத்தினால், குரல் போக முன்னமே ‘இந்த இலக்கத்துக்கு அழைப்பு, இந்தச் சுற்றை ஒதுக்கு’ என்ற சிறு செய்திகள் வேறொரு பாதையால் ஓடும். அந்தச் செய்திகளின் மொழி எஸ்எஸ்7. 2ஜி, 3ஜி வலையமைப்பில் குறுஞ்செய்தியும், வங்கி அனுப்பும் ஓரிபியும், சிம் எங்கே நிற்கிறது என்ற பதிவும் இதே மொழியில்தான். பழைய பக்கம் ஈ1 என்ற தொலைபேசிக் கம்பியில் 64 கிலோபிற் லிங்குகளாக, அதாவது சிக்னலிங் செய்திக்கென்றே ஒதுக்கிய இணைப்புகளாக வரும். புதிய பக்கம் ஐபி. நடுவில் நின்று இரண்டையும் பேச வைப்பது சிக்னலிங் கேற்வே. இது படுத்தால் ரவர் படுக்காது. கைபேசியில் கோடுகள் முழுதாய் நிற்கும், அழைப்பு மட்டும் போகாது. அம்புலன்ஸுக்கு 1990 அழுத்துகிறவருக்கு இதைவிடக் குழப்பமான கோளாறு வேறில்லை. சிக்னல் இல்லை என்று தெரிந்தால் நாலு அடி தள்ளிப்போய் முயன்று பார்ப்பார். முழுச் சிக்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் திரும்பத் திரும்ப அதே பொத்தானைத்தான் அழுத்துவார்.

ஒரு பாதை 99.9 வீதம் நம்பகமானது என்றால் வருடத்தில் ஏறத்தாழ 8 மணித்தியாலம் 45 நிமிடம் படுத்திருக்கும். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு பாதைகள் என்றால், இரண்டும் ஒன்றாகப் படுக்கும் நேரம் வருடத்துக்கு அரை நிமிடம். இந்தக் கணக்கில் பொய் இல்லை, ஆனால் ‘தொடர்பே இல்லாத’ என்ற சொல்லில்தான் முழுப் பாரமும் நிற்கிறது. இரண்டு பைபரும் கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஏ9 வீதியின் ஒரே ஓரத்தில், ஒரே கிடங்கில் ஐந்து கிலோமீற்றர் ஒன்றாகப் போகின்றன என்று வையுங்கள். மதகு வேலைக்கு வந்த ஜேசிபி வருடத்தில் ஒரேயொரு முறை அங்கே வாய் வைத்து, ஒட்டி முடிக்க 4 மணித்தியாலம் எடுத்தால், அரை நிமிடம் 240 நிமிடமாகிவிடும். மிச்சப் பாதை முழுக்க எவ்வளவு அருமையாகப் போட்டிருந்தாலும் ஒரு பயனும் இல்லை.

வன்னியின் தரை அமைப்பு இதில் கொஞ்சம் இடக்கானது. அதன் நடுவால் வடக்குத் தெற்காக ஓடும் பெரிய தெரு ஏ9 ஒன்றுதான். ரயில் பாதையும் பல இடங்களில் அதற்குக் கூப்பிடு தூரத்திலேயே ஓடுகிறது. தண்டவாள ஓரமாகப் போகும் கேபிளை வரைபடத்தில் வேறு நிறத்தில் கீறிவிட்டு ‘மாற்றுப் பாதை’ என்று எழுதினால், வெள்ளம் அந்த நிறத்தைப் பார்த்து வராது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளத்தை நினைத்துக்கொண்டு பாதையைத் தெரிவு செய்ய வேண்டும். உண்மையில் வேறான பாதை மேற்கால் இருக்கிறது. வவுனியாவிலிருந்து மன்னார்ப் பக்கம் போய், ஏ32 வழியாக வெள்ளாங்குளம், பூநகரி, அங்கிருந்து பரந்தன். தூரம் இரு மடங்குக்கும் கூட. சிக்னலிங்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பைபரில் ஒளி 200 கிலோமீற்றரை 1 மில்லிசெக்கனில் கடந்துவிடும். செலவுதான் பிரச்சினை. அந்தப் பக்கம் பைபர் கிடைக்காவிட்டால் மைக்ரோவேவ் போட வேண்டிவரும், அதன் குணத்தைக் கீழே பார்ப்போம்.

இனிமேல் வரும் உதாரணங்களுக்கு, வவுனியாவில் ஒரு கேற்வே, கிளிநொச்சியில் ஒன்று, இடையில் ஏ9 வழியாகச் சுமார் 75 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 021, 023, 024 மூன்று பிரதேச இலக்கங்களின் அழைப்புகளும் இந்தச் சோடியால் போகின்றன.

முதல் முடிவு: ஒன்று வேலை செய்ய மற்றது சும்மா நிற்பதா, இரண்டும் எப்போதும் சுமப்பதா? எங்கள் பக்கச் சாய்வை ஒளிக்கத் தேவையில்லை. இரண்டு ஊருக்கு நடுவே ஒரே பொயின்ற் கோட்டை (எஸ்எஸ்7 இல் ஒரு முனையின் முகவரி எண்) வைத்துக்கொண்டு, ஒன்று விழுந்தால் மற்றது எழும்பும் என்று கட்டாதீர்கள். இடையிலான இணைப்பு மட்டும் அறுந்தால் வவுனியா ‘கிளிநொச்சி செத்துவிட்டது’ என்று நினைக்கும், கிளிநொச்சி ‘வவுனியா செத்துவிட்டது’ என்று நினைக்கும், இரண்டும் ஒரே பெயரில் எழும்பி நிற்கும். இதைத் தீர்க்க மூன்றாம் இடத்தில் ஒரு சாட்சி வேண்டும், அந்தச் சாட்சிக்கும் தனிப் பாதை வேண்டும், வேலை கூடிக்கொண்டே போகும். அதைவிட இரண்டுக்கும் தனித்தனிப் பொயின்ற் கோட் கொடுத்து, இரண்டையும் எப்போதும் அரைவாசி சுமக்க விடுவது நல்லது. மாதக்கணக்கில் சும்மா நிற்கும் பெட்டி வேலை செய்யுமா என்பது, மாதக்கணக்கில் ஸ்ரார்ட் பண்ணாத ஜெனரேற்றர் மாதிரித்தான். கரண்ட் போன அன்றைக்குத்தான் விடை தெரியும்.

இரண்டும் சுமக்கின்றன என்றால் ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழேயே நிறைந்திருக்க வேண்டும். 64 கிலோபிற் லிங்கில் சாதாரண நாளில் 20 வீதத்துக்கு மேல் ஏற்றாதே என்பது ஐரியூ வழி வந்த வலையமைப்புகளின் பழைய வழக்கம், அமெரிக்க வழியில் 40 வீதம். கணக்குப் பகுதிக்கு இதைப் பார்க்க வயிறு எரியும். ஆனால் 40 இல் ஓடும் சோடியில் ஒன்று விழுந்தால் மற்றது 80 ஆகும், அதற்கு மேல் வரிசை நீள ஆரம்பித்தால் தாமதம் கிடுகிடுவென்று ஏறும். ‘லிங்க் வெறுமையாகத்தானே இருக்கிறது, இன்னொரு வேலையையும் இதில் போடுவோம்’ என்று ஒரு நாள் யாரோ சொல்வார்கள். அன்றைக்கு இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

சுமையைப் பிரிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு செய்தியிலும் எஸ்எல்எஸ் என்ற 4 பிற் எண் ஒன்று உண்டு. 0 முதல் 15 வரை, 16 பெறுமானங்கள். ஒரே அழைப்பின் செய்திகள் ஒரே எஸ்எல்எஸ் எண்ணைத் தாங்கும், அதனால் ஒரே லிங்கில் வரிசை குலையாமல் போகும். இப்போது கிளிநொச்சிக்கு ஒரு லிங்க் தொகுதி, வவுனியாவுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் நாலு லிங்க். எந்தத் தொகுதி என்பதைத் தீர்மானிக்கக் கடைசிப் பிற்றை எடுக்கிறோம்: இரட்டை எண் என்றால் கிளிநொச்சி, ஒற்றை என்றால் வவுனியா. பிறகு தொகுதிக்குள் எந்த லிங்க் என்பதற்கு நிரல் எழுதியவர் மறுபடியும் கடைசி இரண்டு பிற்றை எடுத்தார் என்றால்? கிளிநொச்சிக்கு வருவதெல்லாம் இரட்டை எண். கடைசி இரண்டு பிற் 00 அல்லது 10 ஆகத்தான் இருக்க முடியும். லிங்க் 0, லிங்க் 2 இரண்டிலும் சுமை இரட்டிப்பாக ஏறும். லிங்க் 1, லிங்க் 3 இரண்டும் பச்சை விளக்கோடு, எச்சரிக்கை எதுவும் இல்லாமல், வெறுமையாகக் கிடக்கும். 20 வீதம் என்று நினைத்தது 40 இல் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு தொகுதி விழும் நாளில்தான் தெரியவரும். தொகுதியைத் தெரிவு செய்த பிற்றை ஒதுக்கிவிட்டு மிச்ச மூன்று பிற்றிலிருந்துதான் லிங்கைத் தெரிவு செய்ய வேண்டும். புதிதாக ஒரு கேற்வே வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது லிங்குகளின் மணித்தியாலச் செய்தி எண்ணிக்கையைத்தான். அவை ஏறத்தாழச் சமமாக இல்லாவிட்டால் மேற்கொண்டு எதையும் நம்புவதில்லை.

இரண்டு கேற்வேக்கும் இடையில் ஒரு குறுக்கு லிங்க் இருக்கும். மன்னாருக்கான தன் பாதை அறுந்தால் கிளிநொச்சி அந்தச் செய்திகளை வவுனியாவுக்குத் தள்ளும். அதே நேரம் வவுனியாவின் மன்னார்ப் பாதையும் அறுந்திருந்தால் வவுனியா அவற்றைத் திருப்பிக் கிளிநொச்சிக்குத் தள்ளும். செய்தி இரண்டுக்கும் நடுவே பந்தாடப்பட்டு, கொஞ்ச நேரத்தில் குறுக்கு லிங்கே நிரம்பிவிடும். அதனால்தான் எஸ்எஸ்7 இல் பாதையைத் தெரிவு செய்யும் மூன்றாம் அடுக்கான எம்ரிபி3 இன் விதியில், ஒருவர் வழியாக மன்னாருக்கு அனுப்பத் தொடங்குமுன் ‘மன்னாருக்கு என்னை நம்பாதே’ என்று அவருக்கே ரிஎஃப்பி என்ற செய்தியை அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. கேற்வே வாங்கும்போது இதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பாதையையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டுக் குறுக்கு லிங்கின் எண்ணிக்கையைப் பாருங்கள், அது ஏறவே கூடாது.

ஆடும் லிங்க்

முற்றாக அறுந்த லிங்க் ஒரு தொல்லையும் தராது. இரு முனையும் அதைக் கண்டுகொள்ளும், எதிர்முனைக்கு எதுவரை கிடைத்தது என்று தொடர் எண்ணைக் கேட்டு, கிடைக்காதவற்றை மற்ற லிங்கால் அனுப்பும். ஒன்றிரண்டு செக்கனில் வேலை முடிந்துவிடும். தொல்லை தருவது ஆடுகிற லிங்க்.

பூநகரிப் பக்கம் கடனீரேரிக்கு மேலால் மைக்ரோவேவ் போட்டால் அலை நேராகவும் வரும், தண்ணீர் மேற்பரப்பில் பட்டுத் தெறித்தும் வரும். காற்றின் அடுக்குகள் மாறும்போது இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே கோபுரத்தில் மேலும் கீழுமாக இரண்டு அன்ரெனா வைப்பது இதற்காகத்தான். கரையை விட்டு உட்புறத்தில் 15 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசை என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையே போதும். இரண்டிலும் லிங்க் அறுவதில்லை, பிழையோடு ஓடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு லிங்கையும் கவனிக்கும் இரண்டாம் அடுக்கான எம்ரிபி2 இல் ஓட்டை வாளி மாதிரி ஒரு எண்ணி இருக்கிறது. பிழையான சிக்னல் அலகு ஒன்று வந்தால் எண்ணி 1 ஏறும், 256 அலகு கடந்தால் 1 இறங்கும், 64 ஐத் தொட்டால் லிங்கை விழுத்தும். சும்மா இருக்கும் லிங்கில் 6 பைற் நிரப்பு அலகுகள்தான் ஓடும். செக்கனுக்கு 8000 பைற் என்றால் ஏறத்தாழ 1333 அலகு. அதாவது வாளி செக்கனுக்கு 5.2 என்ற கணக்கில் ஒழுகும். செக்கனுக்கு 5 பிழை வந்தால் இந்த லிங்க் சாகும்வரை விழாது, செய்திகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டு இழுபடும். 10 பிழை வந்தால் 13 செக்கனில் விழும். விழுந்தது சும்மா கிடக்குமா? உடனே ஒத்திசைவுக்குப் போகும். 8.2 செக்கன் சோதனைக் காலம், அதற்குள் பிழை எண்ணிக்கை 4 ஐத் தொடாவிட்டால் தேர்ச்சி. மழை கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில் தேர்ச்சி பெற்றுவிடும், போக்குவரத்து திரும்ப ஏறும், மழை வலுக்கும், மறுபடி விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் செய்திகளை மற்ற லிங்குகளுக்கு மாற்றுவதும் திரும்ப எடுப்பதும்தான். நல்ல லிங்குகள் வேலையை விட்டுவிட்டு இதற்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கும்.

மருந்து எளிது. 10 நிமிடத்துக்குள் மூன்று தரம் விழுந்த லிங்கை உடனே திரும்ப எடுக்காதீர்கள். முதலில் 5 நிமிடம், பிறகு 10, பிறகு 20 என்று தள்ளிவையுங்கள். மூன்று, பத்து என்பவை எங்கள் எண்கள், உங்கள் லிங்கின் சுபாவத்துக்கு ஏற்ப மாற்றலாம். ஒரேயொரு விதிவிலக்கு: அந்த முனைக்கு அதுதான் மிஞ்சியிருக்கும் கடைசி லிங்க் என்றால் தள்ளிவைக்கக் கூடாது. பிழையோடு ஓடுவது ஓடாமல் இருப்பதைவிட மேல் என்று சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

மழையே இல்லாத நாளிலும் இடைக்கிடை பிழை வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஈ1 இன் இரு முனையும் ஒரே நேர மூலத்தைப் பின்பற்ற வேண்டும். ஒன்று தன்பாட்டில் 4.6 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 4.6 பங்கு) விலகி ஓடினால் ஒவ்வொரு 27 செக்கனுக்கும் ஒரு முறை 125 மைக்ரோசெக்கன் நழுவும், ஒரு அலகு கெடும். வவுனியா கிளிநொச்சியிடம் நேரம் கேட்க, கிளிநொச்சி வவுனியாவிடம் கேட்கும் அமைப்புகளும் உண்டு. இரண்டு குருடரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போவது போல, இரண்டும் சேர்ந்தே விலகிப் போகும்.

ஐபி பக்கம்: 63 செக்கன்

ஐபி பக்கத்தில் செய்திகளைச் சுமப்பது எஸ்சிரிபி என்ற நெறிமுறை. 2000 ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 2960 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 2022 இன் 9260. தொலைபேசிச் சிக்னலிங்குக்கென்றே பிறந்தது. ஒரு இணைப்புக்கு இரண்டு முனையிலும் இரண்டிரண்டு ஐபி முகவரி வைக்கலாம், ஒரு பாதை போனால் மற்றதால் ஓடும். ஆனால் பெட்டியில் வரும் இயல்பு எண்களோடு அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆர்ரிஓ என்பது பதில் வராவிட்டால் மீள அனுப்புமுன் காத்திருக்கும் நேரம். குறைந்தபட்ச ஆர்ரிஓ 1 செக்கன், ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிக்கும், ஒரு பாதைக்கு அனுமதித்த மீள்முயற்சி 5. ஆறாவது தோல்வியில்தான் பாதை செத்ததாக அறிவிக்கப்படும்: 1, 2, 4, 8, 16, 32. கூட்டினால் 63 செக்கன். மீள அனுப்புவது மாற்றுப் பாதையால் போகும்தான், ஆனால் புதுச் செய்திகள் அந்த 63 செக்கனும் முதலில் செத்த பாதையிலேயே ஏறிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்7 இல் அழைப்புகளைக் கையாளும் பகுதியான ஐசப்பில், அழைப்பைத் தொடங்கிய நிலையம் பதிலுக்குக் காத்திருக்கும் ரி7 ரைமர் 20 இலிருந்து 30 செக்கன். எம்ரிபி3 முனைகள் ஒன்றிடம் ஒன்று எதிர்பார்க்கும் பதில் நேரம் 500 இலிருந்து 1200 மில்லிசெக்கன். இந்த உலகத்தில் 63 செக்கன் ஒரு யுகம்.

குறைந்தபட்ச ஆர்ரிஓ 200 மில்லிசெக்கன், கூடியது 400, பாதை மீள்முயற்சி 2 என்று வைத்தால் 200, 400, 400. ஒரு செக்கனில் தீர்ப்பு வந்துவிடும். இங்கேதான் பலர் அடுத்த குழியில் விழுகிறார்கள். எதிர்முனை, செய்தி கிடைத்தது என்று சொல்லும் பதிலை இயல்பாக 200 மில்லிசெக்கன் வரை தாமதிக்கும். இரண்டாவது பொதி வந்தால் உடனே சொல்லும். தனியாக ஒரு பொதி வந்தால், இன்னொன்று வருமா என்று காத்திருக்கும். இரவு இரண்டு மணிக்குப் போக்குவரத்து ஐதாக இருக்கும்போது ஒவ்வொரு பொதியும் தனிப்பொதிதான். அனுப்பியவரின் 200 முடிகிற அதே கணத்தில் பதிலும் வருகிறது, பாதை நல்லாயிருந்தும் மீள அனுப்பல் கூடுகிறது. பகலில் ஒரு குறையும் தெரியாது. ஆகவே எதிர்முனையின் தாமதத்தை 100 மில்லிசெக்கனுக்கு இறக்கச் சொல்ல வேண்டும். அது மற்ற நிறுவனத்தின் பெட்டி என்றால், கடிதத்தில் கேட்டு, பொதிகளைப் பிடித்துப் பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் உங்கள் பக்கத்து எண்ணை மாற்றுங்கள்.

இன்னொரு எண்ணும் இதோடு சேர்ந்து மாற வேண்டும். முழு இணைப்புக்குமான மீள்முயற்சி இயல்பாக 10. பாதை ஒன்றுக்கு 2 என்றால் இரண்டு பாதைக்கும் சேர்த்து 4. இணைப்பின் எண்ணை 10 இலேயே விட்டால், இரண்டு பாதையும் செத்த பிறகும் இணைப்பு மட்டும் ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். மேலே இருந்து எஸ்எஸ்7 செய்திகளை எஸ்சிரிபியில் ஏற்றும் எம்3யூஏ அடுக்கு அதை நம்பிச் செய்திகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதையும் 4 ஆக்குங்கள்.

இரண்டு ஐபி என்பதிலும் ஏமாற்று உண்டு. லினக்ஸ் சேர்வரில் இரண்டு நெற்வேர்க் காட், இரண்டு முகவரி, ஆனால் ஒரேயொரு இயல்பு வழி என்றால், இரண்டாம் முகவரியிலிருந்து புறப்படும் பொதியும் முதலாம் காட்டால்தான் வெளியேறும். அறிக்கையில் இரண்டு பாதையும் உயிரோடு என்று வரும், முதலாம் கேபிளைப் பிடுங்கினால் இரண்டும் ஒன்றாகச் சாகும். புறப்படும் முகவரியைப் பார்த்து வழி தெரிவு செய்யும் விதியைத் தனியாக எழுத வேண்டும். எந்த முகவரிகளில் கேட்பது என்பதையும் பெயர் சொல்லிக் கட்டுங்கள். கட்டாவிட்டால் நிர்வாக வேலைக்கு வைத்த முகவரியையும் சேர்த்து எதிர்முனைக்கு அறிவித்துவிடும், அது போக முடியாத முகவரிக்கு நாள் முழுக்க ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் இதயத்துடிப்புச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். ஃபயர்வோலில் எம்3யூஏயின் 2905 ஐ ரிசிபிக்குத் திறந்துவிட்டு ‘திறந்தாயிற்று’ என்பவர்களும் உண்டு. எஸ்சிரிபி தனி நெறிமுறை, அதன் ஐபி இலக்கம் 132.

உயிர் இருக்கிறதா என்று யாரைக் கேட்பது

ஒரு கேற்வேயின் செய்தி பிரிக்கும் பகுதி எங்கோ ஒரு பூட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். எஸ்சிரிபி லினக்ஸ் கேர்னலுக்குள் ஓடுகிறது. அதற்கு மேலே நடப்பது தெரியாது. இதயத்துடிப்புக் கேட்டால் பதில் சொல்லும், வரும் பொதிகளுக்கு ‘கிடைத்தது’ என்று கையெழுத்துப் போடும், பெறும் இடம் நிரம்பும்வரை. எதிர்முனைக்கு எல்லாம் சுகம். செய்திகள் மட்டும் கிணற்றில் போட்ட கல். இதுதான் தலைப்பில் சொன்ன அரை உயிர். பெட்டி முற்றாகச் செத்திருந்தால் ஒரு செக்கனில் மற்றது பொறுப்பை எடுத்திருக்கும்.

எம்3யூஏக்கும் தனியாக ஒரு பீற் செய்தி இருக்கிறது, ஆனால் அதற்குப் பதில் சொல்வது வேறொரு திரெட் என்றால் அதுவும் இதே பொய்யைத்தான் சொல்லும். உயிர்ச் சோதனை, உண்மையான செய்தி போகும் அதே வரிசையில் நின்று, அதே வாசலால் உள்ளே போய், அதே வாசலால் வெளியே வர வேண்டும். பழைய எஸ்எஸ்7 இதைச் சரியாகச் செய்தது: 30 இலிருந்து 90 செக்கனுக்கு ஒரு தரம் எஸ்எல்ரிஎம் என்ற சோதனைச் செய்தியில் ஒரு பிற் கோலத்தை வைத்து அனுப்பும், எதிர்முனையின் மூன்றாம் அடுக்கு அதே கோலத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். கேற்வே எழுதுகிறவர்கள் தங்கள் உள்வரிசைக்கும் அப்படியொன்று வைத்து, மூன்று தரம் திரும்பி வராவிட்டால் பெட்டி தன்னைத்தானே கொன்றுவிட வேண்டும். கொல்வதென்றால் புரோசஸை முடித்து, இணைப்பை முறித்து, ஈ1 லிங்கையும் சேவையிலிருந்து இறக்குவது. பாதி மட்டும் இறக்கினால் மறுபடியும் அரை உயிர்தான்.

மறுபக்கமும் உண்டு. ஐபி பக்கம் நல்லாயிருந்து, மன்னாருக்கான எஸ்எஸ்7 பக்கம் அறுந்தால் கேற்வே உடனே டியூனா என்ற செய்தியை அனுப்பி ‘மன்னார் என்னால் இல்லை’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஐபி பக்கத்துச் சேர்வர்கள் தங்கள் செய்திகளை மற்றக் கேற்வேயால் அனுப்பும். எம்3யூஏயில் எம்ரிபி3 போல ‘எதுவரை கிடைத்தது’ என்று கேட்டு மீட்கும் ஒழுங்கு இல்லை, விழும் கணத்தில் பெட்டிக்குள் இருந்தவை போனதுதான். அதனால் இரண்டு கேற்வேக்கும் நடுவிலான குறுக்கு லிங்குக்கு எம்2பிஏ என்ற நெறிமுறையைப் போடுங்கள், அதில் அந்த மீட்பு அப்படியே இருக்கிறது. சேர்வர்ப் பக்கம் எம்3யூஏ போதும்.

மீட்பிலும் ஒரு நஞ்சு உண்டு. வடிவம் பிசகிய ஒரு செய்தி வவுனியாவை விழுத்தினால், எதிர்முனை நியாயப்படி அந்தச் செய்தி கிடைக்கவில்லை என்று எண்ணி, அதையே கிளிநொச்சிக்கு அனுப்பும். கிளிநொச்சியிலும் அதே மென்பொருள், அதே பிழை. இரண்டு பெட்டி இருந்தும் ஒன்றுதான் இருந்தது. புதுப்பதிப்பை இரண்டிலும் ஒரே இரவில் ஏற்றாமல், ஒன்றில் ஏற்றி ஒரு வாரமாவது ஓடவிட்டு மற்றதில் ஏற்றுவது இதற்குத்தான்.

குளம் குளமாகத் தண்ணீர் இறங்கும் ஊர்க்காரருக்கு அடுத்ததை விளக்கத் தேவையில்லை. மேல் குளம் உடைப்பெடுத்தால் கீழ்க் குளத்துக் கட்டும் தாங்காது. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏரி அன்ட் ரி (AT&T) நிறுவனத்தின் நெடுந்தூர வலையமைப்பில் நடந்தது அதுதான். நியூயோர்க்கில் ஒரு நிலையம் சிறு கோளாறால் தன்னை மீள இயக்கி எழும்பியது. எழும்பியவுடன் அது அனுப்பிய செய்திகள் அயல் நிலையத்துக்கு மிக நெருக்கமாக இரண்டு வந்தபோது, முந்திய டிசம்பரில் ஏற்றிய மென்பொருளில் தவறான இடத்தில் இருந்த ஒரு பிரேக் கட்டளை அதன் தரவைக் குழப்ப, அதுவும் தன்னை மீள இயக்கி எழும்பியது. அது எழும்பி அடுத்ததை விழுத்தியது. 114 நிலையங்கள், ஏறத்தாழ 9 மணித்தியாலம். மீண்டெழும் வழியிலேயே பிழை இருந்தது. விழுவதைச் சோதிக்கிறவர்கள் எழும்புவதைச் சோதிப்பதில்லை.

எழும்பும் கேற்வே உடனே வாசலைத் திறக்கக் கூடாது. முதலில் அயலவரிடம் எந்தப் பாதை உண்டு, எது இல்லை என்று கேட்டு முடிக்க வேண்டும். எம்ரிபி3 இல் அதற்கு ஒரு நிமிட ரைமர் இருக்கிறது. சேர்வர்கள் எல்லாம் ஒரே செக்கனில் திரும்ப இணைய முயலாமல், ஒவ்வொன்றும் எழுந்தமானமாகச் சில செக்கன் தள்ளி வர வேண்டும். நீண்ட மின்தடைக்குப் பிறகு ரவர்கள் கூட்டமாக எழும்பும்போது கைபேசிகள் எல்லாம் ஒன்றாகத் தங்களைப் பதிய வரும், அந்த வெள்ளத்துக்கு வான் பாய வழி வேண்டும். எதை வழிய விடுவது? புது அழைப்பைத் தொடங்கும் ஐஏஎம்மை மறுக்கலாம். அழைப்பை முடிக்கும் ஆர்ஈஎல், ஆர்எல்சி இரண்டையும் ஒருபோதும் மறுக்கக் கூடாது. அவை போகாவிட்டால் சுற்றுகள் பிடிபட்டபடி கிடக்கும், எதிர்முனை திரும்பத் திரும்பக் கேட்டு நெரிசலைக் கூட்டும். குறுஞ்செய்திப் பக்கமும் அப்படியே: புது உரையாடலை மறு, தொடங்கியதை முடிய விடு.

மின்சாரத்தைச் சுருக்கமாக. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததில் நாடே இருண்டது. 600 வாற் இழுக்கும் கேற்வேக்கு 48 வோல்ற்றில் 12.5 அம்பியர், 8 மணித்தியாலத்துக்கு 100 அம்பியர்-மணி. பற்றரியை 80 வீதத்துக்கு மேல் வடிக்காமலும், பழசாகி 80 வீதம் கொள்ளளவுக்கு இறங்கும் என்றும் வைத்தால் 156. ஆகவே 200 ஒன்றைப் போடுங்கள். அடைத்த ஈய அமிலப் பற்றரி 25 பாகையில் வாழும் காலம் 35 பாகையில் ஏறத்தாழப் பாதியாகும், அறையைக் குளிராக்கும் ஏசி ஜெனரேற்றரில் ஓடாவிட்டால் இந்தக் கணக்கும் குலையும். ஏ ஊட்டம், பி ஊட்டம் என்று இரண்டு கம்பி வந்து இரண்டும் ஒரே ரெக்ரிஃபயரில் முடிகிறதா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மின்னலுக்கு: ரவரிலிருந்து அறைக்குச் செப்பு ஈ1 இழுக்காதீர்கள், பைபர் போடுங்கள். புவித்தொடுப்பை ஆவணியில், நிலம் காய்ந்திருக்கும்போது அளந்து 10 ஓமுக்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். மார்கழியில் ஈர மண்ணில் எடுத்த அளவு யாருக்கும் நல்ல மார்க் போடும்.

சோதனை நாளில் கேபிளைப் பிடுங்குவது எல்லோரும் செய்வது, எல்லாப் பெட்டியும் அதில் சித்தியடையும். புரோசஸைக் கொல்லாமல் ஸ்ரொப் சிக்னலால் உறைய வைத்துப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் பொதிகளை விழுத்துங்கள். லினக்ஸின் நெற்எம் என்ற கருவி கொண்டு 3 வீதம் இழப்பும் 150 மில்லிசெக்கன் தாமதமும் போடுங்கள். டிஸ்கை நிரப்புங்கள், பதிவு எழுத முடியாமல் செய்தி ஓட்டமே நிற்கும் கேற்வேகள் உண்டு. ஒவ்வொன்றிலும் மற்றக் கேற்வே எத்தனை செக்கனில் முழுச் சுமையை எடுத்தது, இடையில் எத்தனை அழைப்புகள் முறிந்தன என்று எழுதுங்கள்.

கடைசியாக, ஒரு காட் பழுதானால் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகிறவர் ஒன்றரை மணித்தியாலம் ஓடிக் களைத்துத்தான் வருவார். அறையில் ஒரே மாதிரி இரண்டு தட்டு, இரண்டிலும் பச்சை விளக்கு மினுங்கும், அரை உயிரில் இருக்கும் காட்டுக்கும் பச்சைதான். அவர் நல்லதைப் பிடுங்கினால் இவ்வளவு நேரம் கட்டியதெல்லாம் ஒரு கை அசைவில் போகும். ஆகவே ஏ பக்கக் கம்பி முழுக்கச் சிவப்பு, பி பக்கம் நீலம். பிடுங்குமுன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்தக் காட்டைப் பூட்டி, அதன் விளக்கை மட்டும் சிமிட்ட வைக்கச் சொல்லி, போனில் உறுதி கேட்ட பிறகே கை வைக்க வேண்டும். அந்த போன் அழைப்பு இதே கேற்வேயால் போகாத வேறு வலையமைப்பின் சிம்மில் இருக்கட்டும்.